தாய் எங்கே என்று யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. செருப்புப் பெட்டி ஒன்றில் நான்கு பூனைக்குட்டிகள். அவற்றில் ஒன்றை ஓர் இளைஞர் மல்லாக்கப் பிடித்துப் புட்டியில் பால் ஊட்டிக்கொண்டிருக்கிறார். 'தாய் கைவிட்ட குட்டிகளை மீட்ட நண்பர்கள்' என்று கீழே போட்டிருந்தீர்கள். பார்த்தவர்களுக்கு மனம் இளகியிருக்கும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குப்பையோரம் முனகல் கேட்டால் குனிந்து பார்க்கிறவர்களே அரிது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் பெட்டியோடு கிளம்பிவிடுவார்களே என்ற கவலை எனக்கு.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். குட்டிகளுக்குக் கண் திறக்கவில்லை. பிறந்து ஏழு நாள் முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். ஆகவே அவை பச்சைக் குட்டிகள். முடி சுத்தமாக இருக்கிறது. வயிறு உருண்டு திரண்டிருக்கிறது. அதாவது, படம் எடுப்பதற்குச் சில மணி நேரம் முன்புவரை அவற்றை ஒருத்தி நக்கித் துடைத்து வயிறு நிறையப் பால் கொடுத்திருக்கிறாள். அவள் இரை தேடப் போன நேரத்தில் பெட்டி வந்துவிட்டது. நிஜமாகவே கைவிடப்பட்ட குட்டி இப்படி இருக்காது. வயிறு ஒட்டிக்கிடக்கும், உடம்பு சில்லிட்டிருக்கும், மலமும் மண்ணும் அப்பியிருக்கும். விடாமல் கத்தும்; பிறகு கத்தவும் தெம்பில்லாமல் ஓய்ந்துவிடும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன். மாட்டைப் பிடித்துக்கொள்வது, ஊசி மருந்து எடுத்துக் கொடுப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் என் வேலை. அதனால் பெட்டிகள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். விடுமுறைக்கு மறுநாள் காலையில் அதிகம் வரும். கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். 'தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது ஐயா' என்று ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் நின்று பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. பெட்டியை வைத்துவிட்டு, பாரம் இறங்கின முகத்தோடு போவார்கள். அதற்குப் பிறகு நடப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. கண் திறக்காத குட்டிகளில் பிழைத்தவை கொஞ்சம்தான். எங்கள் டாக்டரம்மா பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரியெல்லாம் விழித்திருந்து பார்த்தும் அப்படித்தான்.

ஏன் பிழைப்பதில்லை? பால் கிடைக்காமல் இல்லை. முதலில் போவது சூடு. பூனைக்குட்டி பிறக்கும்போது 100 கிராம் அளவில்தான் இருக்கும். முதல் சில வாரங்களுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவற்றின் நெருக்கமும்தான் அதற்குச் சூடு. சில்லிட்ட குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. அந்த நிலையில் ஊட்டிய பால் உள்ளே கெட்டுப்போகும். அடுத்தது, பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால். நோயைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் அதில் இருக்கின்றன. அந்த ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்ளாது. எந்தப் பால்மாவாலும் அதை ஈடுகட்ட முடியாது.

மூன்றாவதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். பச்சைக் குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் தாய் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கிவிட்டால்தான் கழியும். வருவதைத் தாயே நக்கி விழுங்கிவிடும்; அதனால்தான் குட்டி கிடக்கும் இடம் நாறுவதில்லை. சுமார் மூன்று வாரம் வரைக்கும் இதே கதைதான். புட்டியில் பாலை மட்டும் ஊட்டிவிட்டு இதைச் செய்யாமல் விட்ட குட்டிகள் வயிறு ஊதிக் கல்லாகி எங்களிடம் வந்திருக்கின்றன. 'நன்றாகக் குடிக்கிறது ஐயா, வயிறுகூடப் பெருத்திருக்கிறது' என்று பெருமையாகக் காட்டினார் ஒருவர். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது?

ஆகவே, குட்டிகளைக் கண்டவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் விலகி நிற்பது. நீங்கள் பக்கத்தில் நின்றால் தாய் வராது. கண்ணில் படாத தூரத்தில் இருந்துகொண்டு சில மணி நேரம் பாருங்கள். நிற்க நேரமில்லை என்றால் குட்டிகளைச் சுற்றித் தரையில் மெல்லிசாக மாவைத் தூவிவிட்டு வேலைக்குப் போங்கள். திரும்பி வரும்போது மாவில் பாதச் சுவடு இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. நெருப்பு, தண்ணீர், வாகனம், நாய் என்று கண்ணெதிரே ஆபத்து இருந்தால் மட்டும் சில அடி தள்ளி, தாய் தேடினால் கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.

தனியாக ஒரே ஒரு குட்டியைக் கண்டாலும் இப்படித்தான். பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழு என்று கணக்கு எதுவும் இல்லை. இடம் அழுக்கானாலோ, ஆள் நடமாட்டம் கூடினாலோ, கடுவன் சுற்றினாலோ இடம் மாற்றும். கடுவன் பூனை குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு. மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் தூக்கிப் போகும். நீங்கள் பார்த்த அந்தக் குட்டி, கடைசி நடைக்குக் காத்துக் கிடப்பதாக இருக்கலாம். தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி கைகால் சுருட்டி அப்படியே துவண்டு கொடுத்துவிடும்; வைணவப் பெரியவர்கள் இதைப் பார்த்துத்தான் மார்ஜார (பூனை) நியாயம் என்று சரணாகதிக்கே உவமை சொன்னார்கள். நம்முடைய கைக்கு அந்த நியாயம் பொருந்தாது. பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள். அவசியமானால் அடியில் கை கொடுத்து எடுங்கள். மனித வாடை பட்டால் தாய் குட்டியைத் தள்ளிவிடும் என்பது பெரும்பாலும் வீண் பயம். வாடையை அது பொறுத்துக்கொள்ளும். ஓயாத தொந்தரவைத்தான் பொறுக்காது.

இப்போது எங்கள் கட்டடத்துக் கதைக்கு வருகிறேன். மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பலகைக்கும் யாரோ போட்டுவிட்டுப் போன சைக்கிளுக்கும் நடுவில், ஒரு சாம்பல் வரிப்பூனை ஈன்றிருக்கிறது. இரண்டு குட்டிகள் தாயைப் போல வரி போட்டவை, ஒன்று அட்டைக்கறுப்பு, ஒன்று கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்தது. (மூன்று நிறமும் கலந்த குட்டி அநேகமாகப் பெட்டைதான் என்று மாடிப் பிள்ளைகளிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு, கடுவனுக்கு ஒன்று. இரண்டு எக்ஸ் இருந்தால்தான் கறுப்பும் செம்மஞ்சளும் சேர்ந்து வரும். கால்நடை மருந்தகத்தில் இருந்தவனோடு பந்தயம் கட்டக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.) ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தகப்பன் வேறு வேறாக இருப்பதும் பூனைகளில் சகஜம். அதைக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொன்னபோது, 'இந்தக் கட்டடத்தில் இது வேறா' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

செயலாளருடைய யோசனை, சாக்கில் கட்டி எங்கேயாவது தூரத்தில் கொண்டுபோய் விடுவது. கீழ்வீட்டு அம்மாள் பினாயிலோடு நின்றார். அவரிடம் மட்டும் நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருளைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. தரையில் ஊற்றினால் அது பாதத்தில் ஒட்டும். பாதத்தைப் பூனை நக்கும். அதே நாக்கால் குட்டியையும் நக்கும். அந்துருண்டையும் விஷம்தான். சோப்புத் தண்ணீர் போதும் என்றேன். அம்மாள் நியாயஸ்தர். மறுநாளே சோப்புத் தண்ணீரால் படியைக் கழுவிவிட்டு, தன் பழைய பருத்திப் புடவை ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் புடவையை மடித்துப் போட்டு, அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, வாய் சுவரைப் பார்த்திருக்கும்படி வைத்தோம். நாங்கள் யாரும் குட்டிகளைத் தூக்கி உள்ளே போடவில்லை. தாயே மோந்து பார்த்து, இரவோடு இரவாக மாற்றிக்கொண்டது. உணவும் தண்ணீரும் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. நாலைந்து அடி தள்ளித்தான். மிச்சம் இருந்தால் உடனே எடுத்துவிடுவோம். சிந்திய உணவுக்கு எறும்பு வரும். எறும்பு மொய்த்தால் ஓடத் தெரியாத குட்டியின் கதி என்ன என்று நான் பார்த்திருக்கிறேன், இங்கே எழுத விரும்பவில்லை.

பால் கொடுக்கிற தாய்க்கு வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உணவு தேவை. குட்டிகளுக்கென்று விற்கும் உணவையே தாய்க்குப் போடலாம். அதில் புரதமும் கொழுப்பும் கூடுதலாக இருக்கும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். 'பெற்றவளாயிற்றே' என்று கிண்ணம் கிண்ணமாக மாட்டுப்பால் ஊற்றுகிறார்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. கழிச்சல் கண்டால் தாய் வற்றிப்போகும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த எதையும் போடக் கூடாது.

நான் படியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், படிக்கிற சாக்கில். தாய் வந்ததும் தொண்டையில் ஒரு சின்ன உருட்டல் குரல் கொடுக்கும். கண்ணும் காதும் மூடியிருக்கும் குட்டிகள் அந்த வெதுவெதுப்பையும் வாடையையும் வைத்தே தலையை ஆட்டி ஆட்டித் தேடி நகரும். ஒவ்வொன்றுக்கும் தன் காம்பு எது என்று தெரிகிறது. கறுப்புக்குட்டிக்குப் பின்கால் பக்கத்துக் கடைசிக் காம்பு; வழியில் யார் கிடந்தாலும் மேலேறி மிதித்துக்கொண்டு அங்கேதான் போகும். போய்ச் சேர்ந்ததும் முன்கால் இரண்டாலும் மாறி மாறி அமுக்கும், பால் சுரப்பதற்கு. ஒரு வரிக்குட்டி தூக்கக் கலக்கத்தில் கறுப்பின் இடத்துக்கு வந்து வாய் வைத்தது. கறுப்பு மூக்காலேயே முட்டித் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் குடிக்க ஆரம்பித்தது. எந்தப் புட்டியாவது இப்படி ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுக்குமா?

பிள்ளைகளை விரட்டினால் ஒளிந்து வந்து தொடுவார்கள் என்பதால் அவர்களையே காவலுக்குப் போட்டேன். இப்போது பெரியவர்கள் எட்டிப் பார்த்தாலும் அதட்டுகிறார்கள். தொடுவதற்கும் காலம் இருக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையில் மனிதக் கை மெதுவாகப் பழகிய குட்டிதான் பிறகு ஒரு வீட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பருவம் முழுவதும் ஆளைக் காணாமலே வளர்ந்துவிட்டால் பிற்பாடு பழக்குவது பெரும்பாடு. எனவே தாய் நம்மை ஏற்றுக்கொண்ட பிறகு, தினமும் சிறிது நேரம், தாயின் கண்ணெதிரே.

தாய் செத்துக் கிடந்ததைக் கண்டால், அல்லது அது நெடுநேரமாகியும் வரவே இல்லை என்று உறுதியானால், அப்போது பெட்டியை எடுங்கள். முதலில் சூடு: வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தால், சூடு மிஞ்சினால் குட்டி நகர்ந்துகொள்ள இடமிருக்கும். உடம்பு வெதுவெதுப்பான பிறகே பால். அதுவும் பூனைக்குட்டிக்கென்று உள்ள பால்மாவு. மாட்டுப்பாலில் அவற்றுக்கு வேண்டிய அளவு புரதமும் கொழுப்பும் இல்லை. குட்டி குப்புறப் படுத்த நிலையில், தாயிடம் குடிப்பது போலவே குடிக்க வேண்டும். மல்லாக்கப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும். தங்கள் படத்தைக் கண்டு நான் பதறியதற்கு முக்கியக் காரணம் அதுதான். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் பின்புறத்தைத் தடவிக் கழிக்கவிட வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

மருந்து விஷயத்தில் கை வைத்தியம் வேண்டாம். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போகப் போடும் மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் அப்படியே. தெள்ளுப்பூச்சி மொய்த்த குட்டி ரத்தம் இழந்து ஈறு வெளுத்துப்போகும். சீப்பால் வாருவதும் மருத்துவர் தருவதும்தான் வழி. தாய்க்கு மடி சிவந்து கல்லாகிச் சூடு கண்டாலோ, உடம்பு விறைத்து நடுங்கினாலோ காத்திருக்கக் கூடாது. பின்னது சுண்ணாம்புச்சத்துக் குறைவால் வருவது. ஊசி போட்டால் எழுந்துவிடும், தாமதித்தால் போய்விடும். குட்டி போட்ட பூனை கடிக்கும், பிறாண்டும். அப்படி நேர்ந்தால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் தங்களிடம் முறையிட வந்த விஷயம் இனிமேல்தான். குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தாயை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். குட்டியை இழந்த பூனை சீக்கிரமே மறுபடி பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாள். ஆக, அதே குப்பையோரத்தில் மூன்று நான்கு மாதத்துக்குள் இன்னொரு ஈற்று, இன்னொரு பெட்டி, வேறு இளைஞர்கள், இன்னொரு படம். பால் கொடுத்துக்கொண்டிருந்தால் சினையாகாது என்று நம்புவதும் தப்பு. கொடுக்கும்போதே சினையான பூனைகள் ஏராளம். பெட்டைக் குட்டியும் நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும். படத்துக்குக் கீழே நீங்கள் எழுதவேண்டிய கேள்வி ஒன்றுதான்: தாய் எங்கே, அதற்குக் கருத்தடை செய்தாயிற்றா? அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் நிருபரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் படிக்கட்டுத் தாய்க்கு நாள் குறித்தாயிற்று. நான்காவது வாரத்திலிருந்து குட்டிகள் திட உணவை நக்கத் தொடங்கும், எட்டாவது வாரம் வாக்கில் பாலை மறந்துவிடும். மடி வற்றியதும் தாய்க்கு அறுவை. அதுவரை கடுவன் அண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். கூண்டை இப்போதே கொண்டுவந்து கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு போட்டுப் பழக்குகிறோம். பிடிக்கிற அன்றைக்குக் கூண்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டால் பூனை அமைதியாகிவிடும். குட்டிகளும் ஒரு கிலோ எடை வந்த பிறகு அதே மருத்துவரிடம் போகும். இரண்டை வளர்க்கக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருக்கிறது. அறுவை ஆனதற்கு அடையாளமாகத் தாயின் காது நுனியைச் சிறிதளவு வெட்டுவார்கள், மயக்கத்தில் இருக்கும்போதே. அந்தக் காதைப் பார்த்தால் இன்னொருவர் மறுபடி பிடித்துக்கொண்டு ஓட மாட்டார்.

'அறுத்த பிறகு ஏன் இங்கேயே கொண்டுவந்து விட வேண்டும், அப்படியே எங்கேயாவது விட்டுவிடலாமே' என்று செயலாளர் கேட்டார். விட்டால் இந்த இடம் காலியாக இருக்காது, சார்; எலியும் மிச்ச உணவும் இருக்கும்வரை அடுத்த பூனை வரும், அதற்குக் கருத்தடை ஆகியிருக்காது என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கூண்டுக்கும் அறுவைக்கும் ஆகும் செலவைப் பராமரிப்புக் கணக்கில் எழுதலாமா, பூச்சி ஒழிப்புக் கணக்கில் எழுதலாமா என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கால்நடை மருந்தக உதவியாளர்